ரீட்டா ஹேவொர்த்தின் நெற்றி யாருக்குச் சொந்தம்?

1935இல் ஃபாக்ஸ் ஸ்டுடியோ எடுத்த விளம்பரப் புகைப்படங்களில் ரீட்டா கன்சீனோ என்ற புதுமுகம் இருக்கிறார். கன்னங்கரேலென்ற கூந்தல், நடு வகிடு, நெற்றியில் நன்றாக இறங்கி வளர்ந்த முடி. 1941 ஆகஸ்டில் வந்த லைஃப் பத்திரிகையில் ரீட்டா ஹேவொர்த் என்ற நட்சத்திரம் படுக்கையின் மேல் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். அகன்ற நெற்றி, தோளில் புரளும் அலை முடி. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே ஆள் என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். இடையில் ஓடியது ஆறே வருடம்.

பழைய ஹாலிவுட் நடிகைகளின் அழகைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வரிசை சொல்வார்கள். இருபதுகளில் கிளாரா போவின் குட்டை முடியும் குட்டி வாயும், முப்பதுகளில் ஜீன் ஹார்லோவின் வெள்ளி முடி, நாற்பதுகளில் ஹேவொர்த்தின் சிவப்பு முடி, ஐம்பதுகளில் ஒரு பக்கம் மர்லின் மன்றோ, மறுபக்கம் ஒல்லியான ஆட்ரி ஹெப்பர்ன். கோடை போய் மழை வந்த மாதிரி ரசனை தானாக மாறிக்கொண்டது என்ற தொனியில்தான் இதை எழுதுகிறார்கள். தானாக எதுவும் மாறவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் முடிவெடுத்த ஆட்கள் உண்டு. ஹேவொர்த் விஷயத்தில் அந்த ஆட்களின் பெயர், வேலை, நோக்கம் எல்லாமே பதிவாகியிருப்பதால் அவரை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் சாயம்

மார்கரீட்டா கார்மென் கன்சீனோ 1918 அக்டோபர் 17 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். அப்பா எடுவார்டோ ஸ்பெயினின் செவில் நகரத்துப் பக்கத்திலிருந்து வந்த நாட்டியக்காரர். அம்மா வோல்கா ஹேவொர்த், ஐரிஷ், ஆங்கிலேய வழியில் வந்த அமெரிக்கர். அவரும் மேடை நடனக்காரர்தான். 1927இல் குடும்பம் ஹாலிவுட்டுக்குக் குடிபெயர்ந்தது, எடுவார்டோ அங்கே ஒரு நடனப் பள்ளி தொடங்கினார். பொருளாதாரப் பெருமந்தத்தில் மாணவர்கள் குறைந்தபோது, பதின்வயதைத் தொட்டும் தொடாத மகளையே ஜோடியாக வைத்துக்கொண்டு மேடை ஏறினார். மதுக்கூடங்களில் அந்த வயதுப் பிள்ளை ஆட கலிஃபோர்னியாச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் எல்லை தாண்டி மெக்சிகோவின் திகுவானாவில் ஆடினார்கள்.

ரீட்டாவின் சொந்த முடி பழுப்பு நிறம். வயது கூடத் தெரியவும், பார்ப்பவர்களுக்கு அசல் ஸ்பானியக்காரியாகத் தோன்றவும் அந்தக் காலத்தில்தான் அதைக் கறுப்பாக்கினார்கள். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'இயற்கையான கருங்கூந்தல் அழகியை ஹாலிவுட் பிடித்துச் சிவப்பாக்கிவிட்டது' என்பது கேட்க நன்றாக இருக்கும் கதை. ஆனால் அந்தக் கறுப்பே சாயம்தான். கேமராவுக்கு முன்னால் வந்து நிற்கும்போதே அவர் முகம் ஒரு முறை வேலை பார்க்கப்பட்ட முகம், அதைச் செய்தது சொந்த வீடு.

மெக்சிகோ கிளப் ஒன்றில் அவரைப் பார்த்த ஃபாக்ஸ் தலைவர் வின்ஃபீல்ட் ஷீஹன் ஒப்பந்தம் கொடுத்தார். கிடைத்தவை எல்லாம் சின்ன வேடங்கள். ஒரு சார்லி சான் துப்பறியும் படத்தில் எகிப்தியப் பெண், இன்னொன்றில் ரஷ்ய நடனக்காரி, வேறொன்றில் அர்ஜென்டினாக்காரி. எந்த ஊர் என்பது முக்கியமில்லை, அமெரிக்கா இல்லை என்றால் போதும். 'ரமோனா' என்ற வண்ணப்படத்தில் பெரிய வேடம் கிடைப்பதாக இருந்தது, பாதி அமெரிக்கப் பழங்குடி இரத்தம் கொண்ட நாயகி. அதற்குள் ஃபாக்ஸ் நிறுவனம் ட்வென்டியத் செஞ்சுரியுடன் இணைந்தது, ஷீஹன் போனார், டாரில் ஸனக் வந்தார். வேடம் லொரெட்டா யங்குக்குப் போனது. யங் கறுப்பு முடி வைத்துக்கொண்டு நடித்தார். கருங்கூந்தல் மேல் யாருக்கும் கோபமில்லை பாருங்கள். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவைக்கக்கூடிய கருங்கூந்தலாக இருந்தால் சரி. ரீட்டாவுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் இந்த முகத்துக்கு வேறு விலை இருந்திருக்கும். மௌனப்பட காலத்தில் மெக்சிகோவிலிருந்து வந்த டோலொரெஸ் டெல் ரியோவும் லூபே வேலெஸும் நட்சத்திரங்கள். அந்தக் காலத்துப் படச்சுருள் சிவப்பை உணராது. சிவப்பு உதடு திரையில் கறுப்பாக விழும், நீலக் கண் வெளுத்துப்போகும், மஞ்சள் முடி எதிர்பார்த்ததைவிட மங்கும். கறுத்த கண், கறுத்த முடி உள்ளவர்களுக்கு அதில் தொல்லை குறைவு. இருபதுகளின் கடைசியில் எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் சுருள் வழக்கத்துக்கு வந்தது. பின்னாலிருந்து ஒரு விளக்கைப் போட்டால் வெளுத்த முடி தனியாக ஒளிரும். 1930இல் ஜீன் ஹார்லோ வந்து அந்த ஒளியை முழுதாக எடுத்துக்கொண்டார். அவருடைய முடிநிறத்தையே தலைப்பாக வைத்து 'பிளாட்டினம் பிளாண்ட்' என்று 1931இல் படம் எடுத்தது கொலம்பியா நிறுவனம். இதே கொலம்பியாதான் பிறகு ரீட்டாவையும் வாங்கியது. (முடிக்குப் போட்ட இரசாயனம்தான் ஹார்லோவைக் கொன்றது என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. 1937இல், 26 வயதில், அவர் இறந்தது சிறுநீரகம் செயலிழந்து.) பேசும்படம் வந்ததும் உச்சரிப்பு வேறு பிரச்சினையானது. 1935இல் 'ஸ்பானிய அழகி' என்பது பழைய சரக்கு.

ஊசி

1937இல், பதினெட்டு வயதில், ரீட்டா எட்வர்ட் ஜட்சனைத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு வயது இரண்டு மடங்குக்கு மேல். கணவராக இருந்ததைவிட மேனேஜராகவே அதிகம் இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. கொலம்பியா தலைவர் ஹாரி கோனிடம் ஏழு வருட ஒப்பந்தத்துக்கு வழி செய்தது அவர்தான். கன்சீனோ என்ற பெயர் ஸ்பானிய வாடை அடிக்கிறது என்றார் கோன். அம்மாவின் குடும்பப் பெயர் எடுத்து ஒட்டப்பட்டது. பெயர் மாற்ற ஒரு நாள் போதும். நெற்றிக்கு அது போதாது.

நெற்றியில் இறங்கி வளர்ந்த முடியை, மின்சாரத்தால் வேரை அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் மூலம் ஒழித்து முடிவிளிம்பை மேலே ஏற்றினார்கள். அது அப்போதே பழைய முறை. 1875இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்ல்ஸ் மிஷல், கண்ணுக்குள் திரும்பி வளரும் இமை முடியை ஒழிக்க இதைப் பயன்படுத்தியதை எழுதி வெளியிட்டார். மெல்லிய ஊசியை முடியை ஒட்டி மயிர்க்காலுக்குள் இறக்க வேண்டும். சிறிய அளவில் நேர்மின்சாரம் விட வேண்டும். உள்ளே இருக்கும் உப்பும் நீரும் சேர்ந்து காரமாக மாறி வேரை அரித்துவிடும். அப்புறம் இடுக்கியால் அந்த ஒரு முடியை உருவி எடுத்துவிட்டு, அடுத்த முடி. அந்தக் காலத்துக் கருவியில் ஒரு முடிக்கே நிமிடக்கணக்கில் ஆகலாம். சரியாகச் சாகாத வேர் மறுபடி முளைக்கும், திரும்பவும் ஊசி. இமையில் பத்துப் பதினைந்து முடிக்காகக் கண்டுபிடித்த முறையை ஒரு நெற்றி முழுக்கச் செய்தார்கள். மாதக்கணக்கில் இழுத்த வேலை, வலி மிகுந்த வேலை. எங்கே, எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதில் கொலம்பியாவின் தலைமைச் சிகையலங்காரக் கலைஞர் ஹெலன் ஹன்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. முடியைச் சிவக்க வைத்ததும் அவருடைய கைதான்.

நெற்றியை ஏன் தொட வேண்டும்? இதற்கு இரண்டு பதில் உண்டு, இரண்டும் உண்மை. அந்தக் கால ஸ்டுடியோ ஒளியமைப்பில் முக்கிய விளக்கு உயரத்திலிருந்து சாய்ந்து விழும். தாழ்ந்த முடிவிளிம்பு முகத்தின் மேல் பாதியை இருட்டடிக்கும், முகம் நீளம் குறைந்து தெரியும். முடியை மேலே தூக்கி அலையாக விடும் நாற்பதுகளின் பாணிக்கு அகன்ற நெற்றி வசதி. இது கேமராக்காரர் பதில். இன்னொன்று, தாழ்ந்த நெற்றியும் கறுத்த முடியும் சேர்ந்தால் 'லத்தீன்' என்று அமெரிக்கப் பார்வையாளர் ஒரே நொடியில் முத்திரை குத்திவிடுவார், நாயகி வேடம் தோழி வேடமாகிவிடும். பெயரில் ஸ்பானிய வாடை பார்த்த மனிதர் நெற்றியில் அதைப் பார்க்காமல் விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. விளக்கு, நிழல், விகிதம் என்று தொழில் மொழியில் பேசுவது கௌரவமாக இருந்தது, அவ்வளவுதான்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் 'அடையாளத்தை மறைத்தார்கள்' என்று முடித்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹேவொர்த் முன்பு கன்சீனோ என்பதை யாரும் மறைக்கவில்லை. ரசிகர் பத்திரிகைகள் பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்தே போட்டன. இப்படி இருந்தவர் இப்படி ஆகிவிட்டார் என்பதே கதை, விற்றதும் அந்தக் கதைதான்.

மறைப்பு என்றால் என்னவென்று பார்க்க மெர்ல் ஓபரானைப் பார்க்க வேண்டும். 1911இல் பம்பாயில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர். அம்மாவாக இருந்து வளர்த்த ஷார்லட் இலங்கையில் வேர் கொண்ட கலப்பு வம்சத்தவர், உண்மையில் அவர் பாட்டி. ஓபரான் சினிமாவுக்கு வந்ததும் பிறந்த ஊர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா என்று கதை கட்டப்பட்டது. 1935இல் வந்த 'த டார்க் ஏஞ்சல்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார், இரகசியம் அப்படியே இருந்தது. 1937இல் லண்டன் கார் விபத்தில் முகத்தில் தழும்புகள் விழுந்தன. பின்னாளில் அவரை மணந்த ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், லென்சுக்குப் பக்கத்திலேயே பொருத்தும் சின்ன விளக்கு ஒன்றை உருவாக்கினார். நேருக்கு நேர் விழும் அந்த ஒளியில் மேடுபள்ளம் அழிந்துபோகும். ஓபரானின் பெயரைச் சுருக்கி 'ஓபி' என்றே அந்த விளக்கைக் கூப்பிட்டார்கள். ஒளிப்பதிவாளர்கள் அந்தப் பெயரை இன்னும் பயன்படுத்துகிறார்கள். ஓபரானின் பிறப்புக் கதை பரவலாகத் தெரியவந்ததோ 1979இல் அவர் இறந்த பிறகு.

ஒருவருடைய மாற்றத்தைப் பத்திரிகையில் போடலாம், இன்னொருவருடையதை மூச்சுவிடக் கூடாது. ஸ்பெயின் எப்படியும் ஐரோப்பா, அம்மா பக்கம் ஐரிஷ்-ஆங்கிலேயம். தேற்றிவிடலாம். ஓபரானுக்கு அந்தச் சலுகை இல்லை. சீன வம்சாவளி அமெரிக்கரான அன்னா மே வாங்குக்கு எந்த ஊசியும் உதவியிருக்காது. வெள்ளையர்-கறுப்பர் உறவைத் திரையில் காட்டக் கூடாது என்ற தணிக்கை விதியை ஸ்டுடியோக்கள் ஆசிய முகங்கள் வரை நீட்டிக்கொண்டன. 1937இல் வந்த 'த குட் எர்த்' படத்தில் சீன விவசாயியாக வெள்ளைக்கார நடிகர் பால் முனி நடித்தார். அதனால் மனைவி வேடமும் வாங்குக்கு இல்லாமல் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போனது, அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது.

'செய்து கொள்ளலாம்' என்ற அழகுக்குச் சந்தை தயாராக இருந்தது. ஒப்பனைக்காரர் மாக்ஸ் ஃபேக்டர் 1935இல் ஹாலிவுட்டில் திறந்த ஒப்பனைக் கூடத்தில் முடிநிறத்துக்கு ஒன்றாக நான்கு அறைகள். பொன்னிற முடிக்கு நீல அறை, சிவப்புக்கு வெளிர் பச்சை, கறுப்புக்கு இளஞ்சிவப்பு, பழுப்புக்கு பீச் நிறம். எந்த அறைக்குள் நுழைகிறோமோ அதற்கேற்ற பவுடரும் உதட்டுச் சாயமும். ஹேவொர்த் பிற்பாடு அந்த நிறுவன விளம்பரங்களில் வந்தார், படத்தின் பெயரோடு. பிறவியிலேயே பொன்னிறமான ஒருத்தியை வைத்து வாசகியிடம் 'நீயும் இப்படி ஆகலாம்' என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். அறை மாறி வந்தவரை வைத்துச் சொன்னால் நம்புவார்கள்.

சிவப்பு எங்கே இருந்தது?

1939இல் ஹோவர்ட் ஹாக்ஸின் 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்' கவனம் பெற்றுத் தந்தது. 1941இல் வார்னர் நிறுவனத்துக்கு இரவலாகப் போய் 'த ஸ்ட்ராபெரி பிளாண்ட்' நடித்தார். செம்பொன் முடிக்காரி என்பது தலைப்பு, படமோ கறுப்பு வெள்ளை! அதே வருடம் இன்னொரு இரவல், டெக்னிகலரில் 'பிளட் அண்ட் சாண்ட்'. எடுத்தது அவரை வேண்டாமென்று அனுப்பிய அதே ஃபாக்ஸ். வேடம் காளைச் சண்டை வீரனை மயக்கும் ஸ்பானியச் சீமாட்டி. ஸ்பானியக்காரியாக இருந்தபோது எகிப்துக்காரியாக நடிக்க வைத்தவர்கள், ஹேவொர்த் ஆன பிறகு ஸ்பானிய வேடம் கொடுத்தார்கள்.

டெக்னிகலர் கேமராவுக்குள் ஒரு பட்டகம் ஒளியைப் பிரித்து மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களில் பதிக்கும். பிறகு மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பிரதி எடுப்பார்கள். திரையில் தெரிந்த நிறமும் சாயம்தான், முடியில் இருந்ததும் சாயம்தான். அந்த முறையில் செம்முடி அடர்த்தியாக எழும்பும். செம்முடி நடிகை மொரீன் ஓ'ஹாராவுக்கு 'டெக்னிகலர் ராணி' என்று பட்டம் கிடைத்ததும் சும்மா இல்லை. வெள்ளி முடிக்கு முன்பு படச்சுருள் செய்த உதவியை, செம்முடிக்கு இந்தக் கருவி செய்தது.

ஆனால் ஹேவொர்த்தின் மிகப் பிரபலமான இரண்டு பிம்பங்களை எடுங்கள். லைஃபில் பாப் லேண்ட்ரி எடுத்த அந்தப் படுக்கைப் படம், இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்கள் சுவரில் ஒட்டிக்கொண்டது. அடுத்தது 1946இன் 'கில்டா', ஜான் லூயி தைத்த கறுப்பு சாட்டின் உடையில் ஒற்றைக் கையுறையை உருவும் காட்சி. இரண்டும் கறுப்பு வெள்ளை. உலகம் பூராவும் செம்முடிக்காரி என்று அறியப்பட்டவரின் முடி அந்த இரண்டிலும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. சிவப்பு போஸ்டரில் இருந்தது, பத்திரிகை எழுத்தில் இருந்தது, பார்ப்பவரின் மனதில் இருந்தது. அந்த அளவுக்கு விளம்பரப் பிரிவு வேலை பார்த்திருந்தது. ஹென்றி ராஜர்ஸ் என்ற விளம்பர ஏஜென்ட், அவரைச் சிறந்த உடையலங்காரத்துக்குத் தேர்ந்தெடுத்ததாக இல்லாத ஒரு சங்கத்தின் பெயரில் ஒரு தந்தியை உருவாக்கி லுக் பத்திரிகையின் அட்டையைப் பிடித்த கதையைப் பின்னாளில் அவரே சொன்னார்.

'கில்டா'வில் பாடும் குரலும் அனிடா எல்லிஸுடையது. பெயர், நெற்றி, நிறம், பாட்டு எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது நடனம். ஃபிரெட் அஸ்டேருக்கு இரண்டு படங்களில் ஈடுகொடுத்து ஆடிய அந்த உடல், திகுவானா மேடைகளில் பழகியது.

கத்தரிக்கோல்

1946 கடைசியில் நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம் என்று நினைக்கிறேன். 1943இல் ஹேவொர்த் நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸை மணந்திருந்தார். உறவு முறியும் நிலையில் இருந்தபோது வெல்ஸின் இயக்கத்தில் 'த லேடி ஃப்ரம் ஷாங்காய்' தொடங்கியது. நீளச் செம்முடியைக் குட்டையாக வெட்டி வெளுத்துப் பொன்னிறமாக்கினார் வெல்ஸ். வெட்டிய கை அதே ஹெலன் ஹன்ட். புகைப்படக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண் முன்னால் வெட்டினார்கள். கோன் கொதித்துப்போனார். முன்பு மாதக்கணக்கில் ஊசி குத்தி முடியை ஒழித்தபோது அது முதலீடு. இப்போது சில மணி நேரத்தில் வெட்டியபோது சேதாரம். இரண்டு முறையும் தலை ஒன்றுதான், ஆள் ஒருவர்தான். மாறியது உத்தரவு போட்ட கை.

படம் அமெரிக்காவில் 1948இல்தான் வந்தது, ஓடவில்லை. முடி போனதால் படம் போனது என்றார்கள். ஸ்டுடியோ வெட்டி ஒட்டியதில் குழம்பிப்போன கதையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

தன் பிம்பம் தன் கையில் இல்லை என்பதை அதே 1946இல் அவர் வேறு வகையிலும் பார்த்தார். ஜூலை 1 அன்று பிகினி தீவுப் பகுதியில் அமெரிக்கா சோதித்த அணுகுண்டில் 'கில்டா' என்று பெயர் எழுதி அவர் படத்தை ஒட்டியிருந்தார்கள். அவர் கோபத்தில் துடித்தார் என்று வெல்ஸ் பின்னர் சொன்னார். பகிரங்கமாகக் கண்டிக்க நினைத்தவரை கோன் தடுத்துவிட்டார்.

1947இல் ஹேவொர்த் சொந்தமாக ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். மகள் ரெபெக்காவின் பெயரில் பாதியும் தன் பெயரில் பாதியும் சேர்த்து பெக்வொர்த். கொலம்பியாவுடன் இலாபப் பங்கு. முதல் படம் 1948இல் வந்த 'த லவ்ஸ் ஆஃப் கார்மென்'. நாயகி ஸ்பெயினின் ஜிப்சிப் பெண், நடன அமைப்பில் உதவியவர் அப்பா எடுவார்டோ. முடிவெடுக்கும் இடத்துக்கு வந்ததும் கன்சீனோ வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார், ஆனால் டெக்னிகலரில், நீண்ட செம்முடியோடு. இதைச் சமரசம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சிவப்பை அவர் வலி கொடுத்து வாங்கியிருந்தார், பங்குதாரர் என்ற முறையில் அதன் விலையும் அவருக்குத் தெரியும்.

அடுத்த ஆள்

1949இல் இளவரசர் அலி கானை மணந்து ஹேவொர்த் படங்களை விட்டு விலகினார். மணவாழ்க்கை நிலைக்கவில்லை. திரும்பி வந்த பிறகும் கோனுடன் தகராறு ஓயவில்லை. கோன் அந்த இடத்துக்கு வேறு ஒருவரைத் தயார் செய்தார்: மர்லின் பாலின் நோவாக், சிகாகோப் பெண், 1933இல் பிறந்தவர். அதே சடங்கு மறுபடி. எடை குறை, முடியை வெளு, பெயரை மாற்று. கிட் மார்லோ என்று பெயர் வைக்கப் பார்த்தார் கோன். அந்தப் பெண் மறுத்து, குடும்பப் பெயரை விடாமல் கிம் நோவாக் ஆனார். ஸ்லாவிய வாடை அடிக்கும் பெயரோடு ஐம்பதுகளில் நட்சத்திரமாக முடிந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் கன்சீனோவுக்கு அது முடியவில்லை.

1957இல் 'பால் ஜோயி' படத்தில் கொலம்பியா இருவரையும் சேர்த்து நடிக்க வைத்தது. நடுவில் ஃபிராங்க் சினாட்ரா. நோவாக் இளம் காதலி, ஹேவொர்த் பணக்கார மூத்த பெண். இருவருக்கும் உடை ஜான் லூயி, பாட்டு இருவருக்கும் இரவல் குரல். படப்பிடிப்பின்போது நோவாக்குக்கு 24, மூத்த பெண்ணாக நடித்த ஹேவொர்த்துக்கு 38, சினாட்ராவுக்கு 41. கொலம்பியாவுடனான ஒப்பந்தக் கடமையை அதோடு முடித்துக்கொண்டு ஹேவொர்த் வெளியே வந்தார். அடுத்த வருடம் வேறொரு தயாரிப்பாளருக்காக 'செபரேட் டேபிள்ஸ்' படத்தில், வயதாவதை நினைத்துப் பயப்படும் முன்னாள் மாடலாக நடித்தார்.